போறேன்க்கா

"உள்ள போறேன்க்கா"ன்னுதான் சொல்லியிருப்பா. உள்ளன்னு ஒரு வார்த்தை கண்டிப்பா இருந்திருக்கும். அந்த நேரம் பார்த்துத் தலைக்கு மேல பாலத்துல தடதடன்னு ரயில் போச்சே, அதுல அந்த உள்ள முழுகிப் போயிருக்கும். போறேன்க்கா மட்டும் என் காதுல வந்து ஒட்டிக்கிச்சு. அப்படித்தான் இருக்கணும். அப்படி இல்லன்னா? மங்கையர்க்கரசி, வாயக் கழுவு. என்ன நடந்துருச்சு இப்ப? ஞாயித்துக்கிழமை காலை, வெயில் அடிக்குது, வெயில்னா நம்ம மதுரை வெயில் இல்ல, டியூப்லைட் மாதிரி சூடே இல்லாத வெளிச்சம், பெர்லின்ல ஒரு பழைய மில்லுக்கு எதிர்த்தாப்புல சிமெண்டுக் கட்டை மேல நான் உக்காந்திருக்கேன். மில்லுக்குள்ள என் தங்கச்சி எழில் ஆடிக்கிட்டிருக்கா. அவ்வளவுதான். பேருதான் நைட் கிளப்பு, வெள்ளிக்கிழமை கதவத் திறந்தா திங்கக்கிழமைதான் மூடுவாங்களாம், பகல்ல போறதுதான் வசதின்னு சொன்னாங்க, வந்தோம். சுவத்துக்கு அந்தப் பக்கம் தும் தும் தும்னு சத்தம், பக்கத்து வீட்டுல கிரைண்டர் ஓடுற மாதிரி, காதுக்குக் கேக்கிறத விட உக்காந்திருக்கிற கட்டைக்குத்தான் நல்லாக் கேக்குது. சத்தம் நிக்கிற வரைக்கும் பயம் இல்லன்னு தோணுது. சத்தத்துக்கும் அவளுக்கும் என்னடி சம்பந்தம், அவ இல்லாட்டியும் அது ஓடத்தான் செய்யும். என் இடது கையில அவ போன் இருக்கு. வலது கைக்குள்ள அவ ஜிமிக்கி ரெண்டும் இருக்கு. ரெண்டையும் அவளாத்தான் கழட்டிக் குடுத்தா. "கேமரா மேல ஸ்டிக்கர் ஒட்டுவாங்க, எதுக்கு வம்பு, நீயே வச்சிரு"ன்னா. ஜிமிக்கி கூட்டத்துல அறுந்துருமாம். நியாயமான பேச்சுதான். ஒவ்வொண்ணும் நியாயமாத்தான் இருக்கு. போன் குடுத்தது நியாயம், ஜிமிக்கி குடுத்தது நியாயம், எல்லாத்தையும் குடுத்துட்டு அந்த ஒரு வார்த்தையச் சொன்னதுதான் நெஞ்சுக்குள்ள மீன் முள்ளு மாதிரி நிக்குது.

எங்க வீட்டுல போறேன்னு யாரும் சொல்லக் கூடாது. உலகத்துல எந்தத் தமிழ் வீட்டுலதான் சொல்லுவாங்க? போயிட்டு வரேன்னு சொல்லணும், வரேன்னு சொல்லணும், வரட்டுமான்னு கேக்கணும். தெருமுனையில கொத்தமல்லி வாங்கப் போனாலும் அதான். எழில் சின்னப் பிள்ளையில வேணும்னே சொல்லுவா. பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கிட்டு வாசல்ல நின்னு, ஒரு கண்ணால அம்மாவப் பார்த்துக்கிட்டே, "நான் போறேன்"னு கத்துவா. அம்மா அடுப்படியில இருந்து ஓடி வரும். "ஏண்டி சனியனே, நல்ல வாயில நல்ல வார்த்தை வராதா, உள்ள வா, உக்காரு, ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போ"ன்னு இழுத்து உக்கார வைக்கும். அவ சிரிச்சிக்கிட்டே தண்ணியக் குடிச்சிட்டு, "போயிட்டு வரேன் போயிட்டு வரேன் போயிட்டு வரேன், போதுமா"ன்னு ஓடுவா. போறேன்னு சொன்னா கூப்பிட்டு உக்கார வச்சுத் தண்ணி குடுக்கணும். அது சரி, இங்க நான் யாரக் கூப்பிட? அவ சொல்லி முடிக்கிறதுக்குள்ள அந்தக் கறுப்புத் திரை விழுந்துருச்சு. நான் அவ முதுகத்தான் பார்த்தேன். முதுகுகூட இல்ல, திரை ஆடினதத்தான் பார்த்தேன்.

இதுக்குத்தான் நாலு நாளா அலைஞ்சோம். ஸ்டுட்கார்ட்ல சித்தி மகன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு வந்தோம், சரி, வந்ததுக்கு பெர்லின் பார்க்கணும்னா இவ. பார்க்கட்டும், ஒரு வருஷமா ஒண்ணையுமே கேக்காத பிள்ளை வாயத் தொறந்து ஒண்ணு கேட்டுச்சேன்னு எனக்குக் கண்ணே கலங்கிருச்சு. பார்த்தா அவ கேட்டது கோட்டையும் இல்ல, மியூசியமும் இல்ல, நைட் கிளப். காலேஜ்ல படிக்கும்போதே காதுல ஒயர மாட்டிக்கிட்டு இந்தத் தும் தும் பாட்டுத்தான் கேப்பா, பாட்டே இல்லையேடி இதுல, வாயத் தொறந்து யாருமே பாடலையேன்னா, "அதாங்க்கா நல்லாருக்கு, யாரும் நம்மகிட்ட எதுவும் சொல்ல மாட்டாங்க"ம்பா. அவளப் பார்க்கிற டாக்டரம்மாகிட்டப் போன் போட்டேன். "அவங்களுக்கு ஆசைன்னு ஒண்ணு திரும்ப வந்திருக்கு, தடுக்காதீங்க. காவல் காக்காதீங்கம்மா, கூட இருங்க"ன்னாங்க. சரின்னு நானே இறங்கி விசாரிச்சேன். நான் கணக்கு டீச்சர், எதையும் விசாரிக்காம எறங்க மாட்டேன். லாட்ஜ் மேசையில இருந்த பையன்கிட்ட நல்ல நைட் கிளப் எதுப்பா, ஃபேமிலியா வந்தா தனியா உக்கார இடம் இருக்குமான்னு கேட்டேன். எழில் என் கையக் கிள்ளிட்டா. "அக்கா, ஃபேமிலி ரூம் கேக்க இது என்ன பிரியாணிக் கடையா?" அந்தப் பையன் எழுதிக் குடுத்த இடத்துக்குச் சாயங்காலமே போய்ப் பார்த்தோம், வாசல்ல நீலக் கலர் லைட்டு, மாலை போட்ட மாதிரி பிளாஸ்டிக் பூ. இவ மூக்கச் சுளிச்சு, "கல்யாண மண்டபம் மாதிரி இருக்கு, வேணாம்"னு திரும்பிட்டா. இன்னொண்ணு பூட்டிக் கிடந்துச்சு. கடைசில வழி சொன்னது யாருன்னா, கருவேப்பிலை வாங்கப் போன கடையில கல்லாவுல இருந்த யாழ்ப்பாணத்துக்காரர், குகதாசன். கருவேப்பிலை எதுக்குன்னு கேக்காதீங்க, எங்க போனாலும் எனக்கு வேணும்.

"கிளப்போ? ஓம், என்ர மகளும் போறவள். அக்கா, இரவில போய்க் குளிருக்க நிக்காதேங்கோ. ஞாயிறு காலமை போங்கோ. கறுப்பு உடுப்புப் போடுங்கோ. வரிசையில நிண்டு கதைக்காதேங்கோ, சிரிக்காதேங்கோ. வாசல்ல நிக்கிறவனுக்குப் பிடிச்சால்தான் உள்ள விடுவான். பின்னால ஆறு ஓடுது, கரையில இருந்தும் ஆடலாம், நல்ல வடிவான இடம்"னு சொன்னார். சிரிக்காம, பேசாம, கறுப்பு உடுத்திக்கிட்டு ஞாயித்துக்கிழமை காலைல போகணும்னா அது கொண்டாட்டமா துக்க வீடான்னு கேட்டேன். கடையே சிரிச்சுச்சு. எழிலும் சிரிச்சா. சத்தமாச் சிரிச்சா. கிளம்பும்போது அவர் "போட்டு வாங்கோ"ன்னார். எனக்குப் புரியல, எதப் போட்டுக்கிட்டு வரணும், கறுப்பு உடுப்பையான்னு முழிச்சேன். வெளிய வந்து எழில்தான் சொன்னா, "போயிட்டு வாங்கங்கிறத அவங்க அப்படிச் சொல்லுவாங்கக்கா." ஊரே போயி, வீடே போயி, இந்தக் குளிருக்குள்ள வந்து கடை வச்சிருக்கிற மனுசன், யாருன்னே தெரியாத எங்களப் பார்த்து அந்த வார்த்தைய விடாமச் சொல்றார். இவ சொல்லல. ஆறு. பின்னால ஆறு ஓடுதுன்னாரே. அடியே, அதை எப்படி நான் அன்னைக்குக் காதுல வாங்காம விட்டேன்? கருவேப்பிலையப் பார்த்துக்கிட்டு நின்னிருக்கேன், கூறு கெட்டவ.

இரு, இரு, மொதல்ல இருந்து யோசி. வரிசையில நின்னோம். பேசல, சிரிக்கல. வாசல்காரர் நல்ல உயரம், நரைச்ச தாடி, கறுப்புக் கோட்டு, கையில பெரிய பெரிய மோதிரம். பார்த்ததும் எனக்கு அழகர்கோயில் பதினெட்டாம்படிக் கருப்பு ஞாபகம்தான் வந்துச்சு. அங்கயும் மூடின கதவுதான் சாமி. அது முன்னால நின்னு பொய் சொன்னா விளங்காமப் போவாங்கன்னு ஊருக்கே பயம், வயக்காட்டு வழக்கெல்லாம் அங்க வந்து சத்தியம் பண்ணித்தான் தீரும். இந்தக் கருப்பு எங்க ரெண்டு பேரையும் மேலயும் கீழயும் பார்த்துட்டு, இன்னைக்கு எதுக்கு வந்தீங்கன்னு இங்கிலீஷ்ல கேட்டார். எழில் ஒரே வார்த்தையில "ஆட"ன்னா. என்னப் பார்த்தார். தங்கச்சிக்குக் காவலா வந்தேன்னு சொல்லவா? நம்ம வாயில எதுக்கெடுத்தாலும் வர்ற வார்த்தைதான் வந்துச்சு. எதுக்கு வந்தே, சும்மா. எங்க போறே, சும்மா. அதையே இங்கிலீஷாக்கி, "சிம்ப்ளி. சிம்ப்ளி ஐ கேம்"னுட்டேன். பின்னால நின்ன பொண்ணு களுக்குன்னுச்சு. அவர் எழிலப் பார்த்து உள்ளன்னு தலைய ஆட்டினார், என்னப் பார்த்து, இன்னைக்கு இல்லன்னார். மரியாதையாத்தான் சொன்னார். வாசல்ல வந்து நிக்கிறவங்களுக்கு நாம சொல்லுவோமே, இன்னைக்கு இல்ல, போயிட்டு வான்னு, அது மாதிரி. எழில் என்னப் பார்த்தா. வேணாம்க்கா, திரும்பிரலாம்னு சொல்லுவான்னு நெனச்சேன். சொல்லல. கண்ணு ரெண்டும் அந்தத் திரை மேலயே இருந்துச்சு. நான் என்ன சொன்னேன்? சரின்னேன். சரி, போன்னேன். போன்னுதான் சொன்னேன். ஐயோ. வாசல்ல பிச்சைக்கு நிக்கிறவனுக்குக்கூடப் போயிட்டு வான்னு சொல்ற வாய், கூடப் பொறந்தவளப் பார்த்து போன்னு சொல்லியிருக்கு. நான் போன்னேன், அவ போறேன்னா. நான் சொன்னதுக்குத்தான் அவ பதில் சொல்லியிருக்கா.

போன வருஷம் ஆவணில அவ சொன்னப்பவும் நான் "ம்"னுதான் சொன்னேன். பால் பொங்குற நேரம். அடுப்பு முன்னால நின்னுக்கிட்டு சின்ன வெங்காயம் உரிச்சிக்கிட்டிருந்தேன். பெங்களூர்ல வேலைய விட்டுட்டு எங்க வீட்டுக்கு வந்து ஒரு மாசம் இருக்கும். வேலை போச்சுன்னு சொன்னாங்க, யாரோ பையன்னு சொன்னாங்க, அவ ஒண்ணுமே இல்லன்னு சொன்னா. நல்லாத்தான் இருந்தா. அன்னைக்குத் தலைக்கு ஊத்தி, பிள்ளைங்க யூனிஃபார்மெல்லாம் இஸ்திரி போட்டு வச்சா. செருப்ப மாட்டிக்கிட்டே "போறேன்க்கா"ன்னா. சின்னப் பிள்ளையில மாதிரி விளையாட்டுக்குச் சொல்றான்னு நெனச்சேன். அப்ப ஒரு கண்ணால பார்க்கிறாளான்னு நான் திரும்பிப் பார்த்திருக்கணும். பால் பொங்கிருச்சு, அதப் பார்த்தேன். மத்தியானம் ஃபிரிட்ஜ் மேல அவ போன் அடிச்சப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுச்சு. போன வச்சிட்டுப் போயிருக்கா. சாயங்காலம் ஒரு ஆட்டோக்காரர் கூட்டிட்டு வந்தார். வைகைப் பாலத்துல நின்னாளாம், நிக்கிற நிப்பு சரியில்லன்னு அவருக்குப் பட்டுச்சாம், வண்டிய நிறுத்தி, "ஏம்மா, ஆரப்பாளையத்துக்கு எப்படிம்மா போகணும்"னு இவகிட்டயே வழி கேட்டாராம். மதுரையில ஆட்டோ ஓட்டுறவருக்கு ஆரப்பாளையம் தெரியாதா? தெரியாத மாதிரி கேட்டுக்கிட்டே இருந்தாராம். இவ வழி சொல்லிச் சொல்லி, அவருக்கு விளங்கவே இல்லன்னு ஆட்டோவுல ஏறி உக்காந்து காட்டினாளாம். அவர் பேருகூட நான் கேக்கல. வைகையில அன்னைக்குச் சொட்டுத் தண்ணி இல்ல. சொந்தக்காரங்ககிட்ட டைபாய்டுன்னு சொன்னோம். அம்மாகிட்டயும் டைபாய்டுதான். அப்புறம் ஒரு வருஷம் அவ கூட ஒரே கட்டில்ல படுத்துக்கிட்டேன். மாத்திரையெல்லாம் என் கைப்பையில. இப்பவும் இதோ, பையில கிலுகிலுங்குது. போன் என் கையில, மாத்திரை என் பையில, ஆளு எங்க?

போன் அடிக்குது. என்னோடது. அவரு, வீட்டுக்காரரு. எடுக்காட்டி பயந்துருவாரு, எடுத்தா நான் பயந்திருக்கிறது தெரிஞ்சிரும். "சொல்லுங்க." "சாப்பிட்டாச்சா? எங்க இருக்கீங்க?" "சர்ச்சு பார்க்க வந்தோம்." "ஞாயித்துக்கிழமை கூட்டமா இருக்குமே. அது என்ன தும் தும்னு சத்தம்?" "மணி அடிக்கிறாங்க." "இவ்வளவு வேகமாவா அடிப்பாங்க?" "ஜெர்மன்காரங்க எல்லாத்துலயும் வேகம்தாங்க." சிரிக்கிறாரு. "எழில் எங்க, குடு, பேசறேன்." "உள்ள போயிருக்கா." உள்ள. நானும் உள்ளன்னுதான் சொல்றேன், பாரு, எனக்கே அந்த வார்த்தை தானா வருது, அவளுக்கு வந்திருக்காதா? "அரசி, குரல் ஒரு மாதிரி இருக்கே?" "குளிருங்க. வச்சிர்றேன்." வச்சதுக்கு அப்புறம் பார்த்தா நெசமாவே குளிர்தான், காலுக்குக் கீழ சாக்ஸ் நனைஞ்ச மாதிரி இருக்கு. ஒரு வயசான அம்மா வந்து என் பக்கத்துல நின்னு என்னமோ கேட்டுச்சு. ஜெர்மன். என் கால்மாட்டுல கிடந்த காலி பாட்டிலக் கை காட்டுச்சு. எடுத்துக்கங்கம்மான்னு தமிழ்லயே சொன்னேன். எடுத்துப் பையில போட்டுக்கிட்டு என்னப் பார்த்து ஏதோ சொல்லிட்டுப் போச்சு. அதுவும் போறேன்னு சொல்லுச்சா, வரேன்னு சொல்லுச்சா? இவங்க பாஷையில வித்தியாசம் உண்டா? வித்தியாசம் இல்லாத பாஷையில எப்படி மனுசங்க நிம்மதியா வாசல் தாண்டுறாங்க? திரையத் தள்ளிக்கிட்டு ஆளுங்க வெளிய வர்றாங்க, ஒவ்வொருத்தரா, கண்ணச் சுருக்கிக்கிட்டு. ஒவ்வொரு தடவையும் கழுத்த நீட்டிப் பார்க்கிறேன். அவ இல்ல. அவ இல்ல. இதுவும் அவ இல்ல. எல்லாரும் கறுப்புச் சட்டை. யாருகிட்டப் போய், உள்ள ஒரு பொண்ணப் பார்த்தீங்களான்னு கேக்க? எப்படி இருப்பான்னு கேட்டா? கறுப்புச் சட்டை போட்டிருப்பா.

ஆம்புலன்ஸ். எங்கயோ தூரத்துல. நம்மூர் சத்தம் இல்ல, ரெண்டே சுருதி, மேல கீழ, மேல கீழ. வேற எங்கயோ போகுது. எத்தனை லட்சம் பேர் இருக்கிற ஊரு, ஞாயித்துக்கிழமை ஒருத்தருக்கு நெஞ்சு வலிக்காதா? கிட்ட வருது. பாலத்துக்கு அந்தப் பக்கம். மீனாட்சி, அது திரும்பிரணும். இந்தத் தெருவுக்குள்ள வரக் கூடாது. பின்னால ஆறு. நேத்து படகுல போகும்போது பார்த்தேனே, விளிம்பு வரைக்கும் தண்ணி, பச்சையா, கறுப்பா, வைகை மாதிரி மணலும் ஆடுமா கிடக்கிற ஆறு இல்ல, நெசமான ஆறு. அப்ப இவ படகு ஓரத்துல கையத் தொங்க விட்டுத் தண்ணியத் தொட்டா. "ஜில்லுன்னு இருக்குக்கா"ன்னா. நான் அதையும் சந்தோசமா எடுத்துக்கிட்டேன். இங்க யாரு வழி கேப்பா அவகிட்ட? யாருக்கு ஆரப்பாளையம் போகணும்? மூலையில இந்தப் பக்கம் திரும்பிருச்சு வண்டி, நீல வெளிச்சம் சுவத்துல விழுகுது, எனக்கு முன்னால எந்திரிச்சது என் காலுதான். ஜிமிக்கி முள்ளு உள்ளங்கையில குத்துது. ஓடுறேன். வண்டி என்னத் தாண்டி நேராப் போயிருச்சு, அடுத்த தெருவுக்கு, நிக்கவே இல்ல, ஆனா நான் நிக்கல. வரிசை ஆளுங்க என்னமோ கத்துறாங்க. கத்தட்டும். ரேஷன் கடையில முந்தினதுக்கு வாங்காத திட்டா.

கருப்பு முன்னால போய் நின்னேன். அவர் கைய நீட்டினார், இன்னைக்கு இல்லன்னு சொல்லிட்டேனேங்கிற மாதிரி. "மை சிஸ்டர்"னேன். உள்ளதான இருக்காங்க, நல்லாத்தான் இருப்பாங்கன்னார். "ஷி டோல்ட், ஐ கோ"ன்னேன். அவருக்குப் புரியல. எல்லாரும் அப்படித்தான சொல்லுவாங்கன்னார். "நோ. நாட் கோ அண்ட் கம். ஒன்லி கோ." சொல்லும்போதே எனக்குத் தெரியுது, பைத்தியக்காரி மாதிரி இருக்கேன். பிள்ளைங்களுக்கு ஒரு கணக்கு ஒரு வழியில விளங்கலன்னா இன்னொரு வழியில சொல்லிக் குடுக்கிறவ நான், இதை எந்த வழியில சொல்ல? எங்க ஊர்ல போறவங்க எல்லாரும் வரேன்னுதான் சொல்லுவாங்க ஐயா. போகும்போதே வர்றதச் சொல்லிருவாங்க. வராதவங்கதான் போறேம்பாங்க. இதத் தமிழ்லயே சொல்லிக்கிட்டிருக்கேன், அவர் பொறுமையாக் கேட்டுக்கிட்டிருக்கார், தண்ணி என் கண்ணுல இருந்து மூக்குல இருந்து ஊத்துது. உடம்புக்கு முடியாதவங்களான்னு கேட்டார். டைபாய்டுங்கிற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு, ஒரு வருஷப் பழக்கம். இந்த ஆளு முன்னால நின்னு அதச் சொல்ல முடியல. "லாஸ்ட் இயர், ஷி வென்ட் டு தி பிரிட்ஜ்"னேன். அம்மாகிட்டச் சொல்லாதத, கூடப் படுத்துத் தூங்குற அவகிட்டகூட வாய் விட்டுக் கேக்காதத, யாரோ ஒரு தாடிக்காரர்கிட்டச் சொல்லிட்டேன். ஆத்துப் பக்கத்துக் கதவு குளிருக்குப் பூட்டியாச்சு, வசந்தம் வந்தாத்தான் திறப்போம்னார். என்ன டிரஸ்னு கேட்டார். கறுப்புன்னேன். வரிசைய ஒரு தடவ பார்த்தார், சிரிக்கல. உங்களுக்குத்தான அடையாளம் தெரியும், நீங்களே போங்கன்னு ரெண்டு போன்லயும் ஸ்டிக்கர ஒட்டித் திரையத் தூக்கிப் பிடிச்சார்.

இருட்டு. பகல்ல இருந்து வந்த கண்ணுக்கு ஒண்ணும் தெரியல. வேர்வை வாடை, புகை வாடை. சத்தம் காது வழியா வரல, பல்லு வழியா வருது, வெலா எலும்புக்குள்ள வந்து உக்காந்து இடிக்குது. சுவத்தப் பிடிச்சுக்கிட்டே போறேன். சிவப்பு லைட்டு ஒண்ணு வந்து வந்து போகுது, வர்றப்ப எல்லாம் தலை, போறப்ப ஒண்ணும் இல்ல. எல்லாரும் எழில்தான். எல்லாரும் எழில் உயரம், எழில் சட்டை. ஒருத்தி தோளத் தொட்டுத் திருப்பிட்டேன், வேற மூஞ்சி, சாரிம்மா. இவ எப்படி ஆடுவான்னே எனக்குத் தெரியாதே. எத்தன மணிக்கு முழிப்பா தெரியும், எந்த மாத்திரைக்கு எச்சில் வறளும் தெரியும், தூங்குறாளா தூங்குற மாதிரி கிடக்கிறாளான்னு மூச்ச வச்சே சொல்லுவேன், ஆடினா எப்படி இருப்பான்னு தெரியாது. தூண் ஓரத்துல ஒருத்தி குதிக்கிறா. ஒரு கை மேல போகுது. இன்னொரு கை காதப் பொத்திக்கிட்டிருக்கு. சத்தத்துக்காகப் பொத்தல. காதுல ஒண்ணுமே இல்ல, இருந்தாலும் பிடிச்சிக்கிட்டிருக்கா. பாண்டி ஆடும்போது ஜிமிக்கி ஆடக் கூடாதுன்னு ஒரு கையால பிடிச்சுக்கிட்டே குதிப்பா, சின்னப் பிள்ளையில இருந்து. அதான். அதே கை. ஜிமிக்கி என் கைக்குள்ள இருக்கு, அவ அங்க வெறுங்காதப் பிடிச்சுக்கிட்டுக் குதிக்கிறா.

அழகா ஒண்ணும் ஆடல. கண்ண மூடிக்கிட்டு, வாயப் பொளந்துக்கிட்டு, முடியெல்லாம் மூஞ்சில ஒட்டி, பார்க்கச் சகிக்கல. நான் தூணுக்குப் பின்னால நின்னுட்டேன். திரும்பிரலாம், பார்த்தாச்சு, உசுரோட இருக்கான்னு நெனச்சேன். அதுக்குள்ள கண்ணத் தொறந்துட்டா. என்னப் பார்த்தா. கோவப்படுவான்னு பயந்தேன், இத்தனை தூரம் வந்தும் வாலப் பிடிச்சுக்கிட்டு வந்துட்டியான்னு. கூட்டத்த விலக்கிக்கிட்டு வந்தா. கைய விரிச்சு ஜிமிக்கியக் காட்டினேன், இதக் குடுக்கத்தான் வந்தேங்கிற மாதிரி. உள்ளங்கையில முள்ளு குத்தின இடத்துல பொட்டு ரத்தம். அதப் பார்த்தா, என் மூக்க, கண்ணப் பார்த்தா. அவளுக்கு எல்லாம் வெளங்கிருச்சு. மறந்திருப்பான்னு நெனச்சேனே, அந்த அடுப்படியையும் பொங்கின பாலையும், அவளும் ஒண்ணையும் மறக்கல. என் கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போய் சுவத்து ஓரம் கிடந்த பெஞ்சுல தோள அழுத்தி உக்கார வச்சா. எங்க இருந்தோ ஒரு பாட்டில் தண்ணி கொண்டாந்து மூடியத் திருகிக் குடுத்தா. குடின்னு வாயசைச்சா. உக்காந்து குடிச்சேன். மூச்சு வாங்க, முழுசாக் குடிச்சேன். முடிக்கிற வரைக்கும் பார்த்துக்கிட்டே நின்னா. அப்புறம் குனிஞ்சு, வேர்த்த கன்னம் என் கன்னத்துல ஒட்ட, காதுக்குள்ள கத்தினா:

"நீ ரூமுக்குப் போக்கா. நான் வரேன்."

எனக்கு நல்லாக் கேட்டுச்சு. அந்தத் தும் தும்முக்கு நடுவுல ஒவ்வொரு எழுத்தும் கேட்டுச்சு.

"என்னடி? காதுல விழல. இன்னொரு தடவ சொல்லு"ன்னேன்.